ஏழு சுற்றுக் கம்பி

— நூறு தடவை கேட்டாலும் அதே பதில் தாங்க. இது போலி.

— மேடம், வெளிச்சத்துல வெச்சு இன்னொரு தடவை பாருங்களேன். எங்கம்மாவோட இறக்கை பேட்ஜ். கடையில வாங்கினதில்ல, எவன்கிட்டயும் பேரம் பேசினதில்ல. சண்டைக் காலத்துல அவங்க நெஞ்சுல குத்தி விட்டது.

— உங்க பேர் என்ன சொன்னீங்க?

— ஜோனெல். ஜோனெல் ப்ரூயிட்.

— ஜோனெல், காலைல எட்டு மணியிலேர்ந்து இந்த நாற்காலியில உக்காந்திருக்கேன். இடுப்பு எங்க இருக்குன்னே தெரியல. இன்னிக்கு மட்டும் முப்பத்தோரு பேட்ஜ் பாத்தாச்சு. கொண்டு வந்த அத்தனை பேரும் எங்கம்மாது, எங்க அத்தையோடதுன்னு தான் சொன்னாங்க. அசல்னு நான் எழுதிக் குடுத்தது ரெண்டே ரெண்டு.

— வெர்லீனக்கா சொன்னா சொன்னது தான் தாயி. நான் பக்கத்து மேஜை, டெல்பர்ட். ஹெல்மெட்டு, தண்ணி டப்பா விக்கிறவன். அக்கா போலின்னு தள்ளினதை இந்த டெக்சாஸ்ல ஒருத்தன் அசல்னு வித்ததில்ல, கேட்டுக்கோங்க.

— நீ உன் ஹெல்மெட்டை மூட்டை கட்டுடா. அஞ்சு மணிக்கு மண்டபத்தைப் பூட்டிடுவாங்க.

— கட்டிக்கிட்டு தான் இருக்கேன். அந்தக் குறட்டைக் கொஞ்சம் தள்ளுங்கக்கா, ரெண்டு பீக்கன் கொட்டை உடைச்சுக்கறேன். மத்தியானம் சாப்பிடவே இல்ல.

— அது எங்க வீட்டுக்காரர் ராய்ஸோட குறடு. பல்லு மழுங்கிடப் போகுது.

— ராய்ஸ் அண்ணனே இதுல கொட்டை தான் உடைப்பாரு. பட்டறையில நகை ஒரு பக்கம், கொட்டை ஓடு ஒரு பக்கம்.

— மேடம், நான் சொல்றதைக் கேளுங்க. எங்கம்மா பேர் பெண் விமானிங்க பட்டியல்ல இருக்கு. ஒவீடா ப்ரூயிட், கல்யாணத்துக்கு முந்தி ஒவீடா ஸ்ட்ராட். நாப்பத்து மூணுல விமானப் பயிற்சியில அஞ்சாவது வகுப்பு. இங்கேர்ந்து நாப்பது மைல், ஸ்வீட்வாட்டர்ல தான் படிச்சாங்க. நெஜமாவே விமானம் ஓட்டினவங்க.

— ஓட்டலைன்னு நான் சொல்லலையே. உங்கம்மா அசல் தான். பேட்ஜ் தான் போலி. எத்தனையோ பேர் தொலைச்சுட்டு, பின்னால ஒரு நகலை வாங்கி வெச்சுக்கிட்டாங்க. அதுல ஒண்ணும் கேவலம் இல்ல.

— எங்கம்மா தொலைக்கிற ஆளில்ல. சரி, எதை வெச்சு போலிங்கிறீங்க? அதையாவது சொல்லுங்க.

— இப்படி வாங்க. இந்த லென்ஸைக் கண்ணுல வெச்சுக்கோங்க. இறகு ஒவ்வொண்ணுக்கும் நடுவுல ஒரு கோடு தெரியுதா?

— தெரியுது. கொஞ்சம் மங்கலா.

— மங்கலாத் தான் தெரியும். அசலை இரும்பு அச்சுல வெச்சு அடிச்சாங்க, கோடு கத்தி மாதிரி நிக்கும். இது உருக்கி ஊத்தினது. ஊத்தினது ஆறும்போது ஒரு மயிரிழை சுருங்கும். வெர்னியர் அளவுகோல் வெச்சா அதுவும் சிக்கிடும். இப்ப இடது பக்கம் மூணாவது இறகுக்குக் கீழ பாருங்க. ஊசி முனை அளவுக்கு ஒரு குழி.

— ஆமா. அழுக்குன்னு நெனச்சேன்.

— காத்துக் குமிழி. இதே எடத்துல, இதே குமிழியோட, இது வரைக்கும் பத்தொன்பது பாத்துட்டேன். உங்களுது இருபதாவது. எல்லாம் ஒரே அச்சுல ஒரே கை ஊத்தினது. பதினஞ்சு வருஷமா அந்த ஆளைத் தேடறேன். நல்லா வேலை தெரிஞ்சவன். சிக்கினா ஒண்ணே ஒண்ணு தான் கேக்கணும், ஏன்டா அந்தப் பொம்பளைங்ககிட்டப் போய் இப்படிப் பண்ணினேன்னு.

— பக்கத்துல அசல் ஒண்ணு இருந்தா ஒத்துப் பாக்கலாம். இந்தக் கண்ணாடிப் பெட்டியில இருக்கறது அசலா?

— கண்ணாடியைத் தொடாதீங்க!

— தொடல, தொடல. சும்மா கையைக் காட்டினேன்.

— மன்னிச்சுக்கோங்க. பழக்க தோஷம். அதுவும் அஞ்சாவது வகுப்பு தான். இறக்கை நடுவுல இருக்கற கேடயத்துல நம்பர் தெரியுதில்ல? முன்பக்கம் எவ்வளவு நேரம் வேணும்னாலும் பாருங்க. வெளியில எடுக்கறதில்ல, திருப்பறதில்ல. ராய்ஸ் எனக்குக் குடுத்தது. எண்பத்தொண்ணுல எங்க கல்யாண நாளுக்கு, மேற்கே இருக்கற ஒடெஸ்ஸாவுல செத்துப் போன யாரோ ஒருத்தர் வீட்டு ஏலத்துல எடுத்தேன்னு கைக்குட்டையில மடிச்சுக் கொண்டு வந்தாரு. பின்பக்கக் கம்பி நொய்ஞ்சு போயிருக்கு, யாரையும் தொட விடாதேன்னாரு. அன்னிக்கிலேர்ந்து விடறதில்ல.

— விட்டதே இல்ல தாயி. ஒரு தடவை ஒரு அம்மா, திருப்பிக் காட்டு திருப்பிக் காட்டுன்னு மல்லுக்கு நின்னுச்சு. காவல்காரனைக் கூப்பிட்டு வெளிய அனுப்ப வேண்டியதாப் போச்சு. ஞாபகம் இருக்காக்கா?

— எத்தனையோ பேர் வர்றாங்க. எல்லாரையுமா ஞாபகம் வெச்சுக்க முடியும். ஜோனெல், இந்தாங்க உங்க பேட்ஜ். சனிக்கிழமை ஸ்வீட்வாட்டர்ல பழைய விமானிங்க எல்லாம் கூடறாங்களாமே, அதுக்குக் குத்திட்டுப் போகச் சொல்லுங்க. ஒருத்தரும் லென்ஸ் வெச்சுப் பாக்க மாட்டாங்க.

— நான் அதுக்காக வரல, மேடம். எனக்கு ஒரு சீட்டு வேணும். அசல்னு எழுதி உங்க கையெழுத்து போட்ட சீட்டு.

— இப்பத் தானே போலின்னு சொன்னேன்.

— தெரியுது. தெரிஞ்சு தான் கேக்கறேன். பொய்யா எழுதிக் குடுங்க.

— அட கடவுளே.

— டெல்பர்ட், நீ சும்மா இரு. ஜோனெல், முதல்ல உக்காருங்க. தண்ணி குடிங்க. அப்புறம் சொல்லுங்க, என்ன விஷயம்?

— எங்கம்மாவுக்கு எண்பத்து மூணு. அவங்களும் நானும் தான் வீட்ல. நான் பள்ளிக்கூட பஸ் ஓட்டறேன். விடிகாலை நாலரைக்கு எழுந்திரிப்பேன். போன மாசம் அடுப்பை எரிய விட்டுட்டு அம்மா தோட்டத்துக்குப் போயிட்டாங்க. திரை பாதி எரிஞ்சு போச்சு. எனக்கு முடியல, மேடம். நெஜமாவே முடியல. நாளைக்குக் காலைல முதியோர் இல்லத்துல கையெழுத்து போடணும். எடம் கெடச்சதே பெரிய விஷயம்.

— அதுக்கும் பேட்ஜுக்கும் என்ன?

— அம்மா ஒத்துக்க மாட்டேங்கறாங்க. எனக்குப் புத்தி நல்லாத் தான் இருக்கு, உனக்குத் தான் கெட்டுப் போச்சுங்கறாங்க. டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனேன். எதை வெச்சு அம்மாவுக்கு மறதின்னு சொல்றீங்கன்னு கேட்டாரு. இந்த பேட்ஜைத் தான் சொன்னேன். தன்னோட சொந்த பேட்ஜையே இது என்னுதில்லங்கறாங்க, மேடம். இன்னிக்கு நேத்தில்ல, இருபத்திரண்டு வருஷமா. வருஷா வருஷம் விழாவுக்கு நான் குத்தி விடுவேன், அவங்க பிச்சு எறிவாங்க. டாக்டர் அதை அப்படியே குறிச்சுக்கிட்டாரு.

— அதைக் குறிச்சுக்கிட்டாரா?

— முதல் வரியே அது தான். நேத்து இந்தக் கண்காட்சி நோட்டீஸ் பேப்பரோட வந்துச்சு. அம்மா அதைப் பாத்துட்டு ஒரு பந்தயம் கட்டினாங்க. அங்க போய்க் காட்டு, அசல்னு எழுதிக் குடுத்தா நான் வாயைத் திறக்காம இல்லத்துக்குப் போறேன், போலின்னு எழுதிக் குடுத்தா அந்தப் பேச்சை நீ விட்டுடணும்னாங்க. இப்ப வெளிய கார்ல இருக்காங்க. உள்ள வாம்மான்னா, நான் எப்பவோ கேட்டாச்சு, நீ போய் உன் காதால கேளுங்கறாங்க. இது மாதிரி தான் பேச்சு எல்லாம்.

— நான் போலின்னு சொன்னப்ப உங்களுக்கு ஒண்ணும் தோணலியா?

— தோணாம என்ன? ஆனா அது எப்படி மேடம் போலியா இருக்க முடியும்? வீட்டை விட்டு வெளிய போனதே இல்ல. நீங்களும் மனுஷி தானே, களைச்சுப் போயிருக்கீங்க, கண்ணு தவறியிருக்கும். ஒரே ஒரு வரி எழுதிக் குடுங்க. நானும் ஒரு ராத்திரி முழுசாத் தூங்கிடுவேன்.

— இருபத்திரண்டு வருஷத்துல ஒரு பொய்ச் சீட்டு எழுதினதில்லம்மா. என்கிட்ட இருக்கறது அது ஒண்ணு தான். அதையும் கேக்காதீங்க.

— அப்படின்னா நான் என்ன தான் பண்றது?

— போலின்னு எழுதித் தர்றேன். கண்ணு தவறலைன்னு நீங்களே பாத்துக்கோங்க. பின்பக்கம் திருப்புங்க. சாதாரண ஊசி இருக்கில்ல? அஞ்சாவது வகுப்புக்குச் சாதாரண ஊசி கெடையாது. அந்த வகுப்பு பேட்ஜ் வந்தப்ப ஊசிக்குத் தட்டுப்பாடு, அதனால விமானக் கம்பியை வளைச்சுப் போட்டாங்க. என் புத்தகத்துலயே எழுதியிருக்கேன்.

— பதினாலாவது பக்கம். இந்தப் பேட்ஜ் வாங்கறவன் எல்லாம் அதைத் தான் பைபிள் மாதிரி சட்டைப்பையில வெச்சுக்கிட்டுத் திரியறான்.

— கம்பியா? பின்பக்கம் கம்பியா போட்டிருந்தாங்க?

— ஆமா. அது இல்லேன்னா முன்பக்கம் எவ்வளவு நல்லா இருந்தாலும் தள்ளிடுவேன்.

— சொன்னா நம்ப மாட்டீங்க, மேடம். இதுலயும் கம்பி தான் இருந்துச்சு. அசிங்கமா முறுக்கி வெச்சிருக்கும், அம்மா சட்டையை எல்லாம் கிழிக்கும். நான் தான் மாத்தினேன்.

— நீங்களா?

— அம்மாவுக்குத் தெரியாம. எண்பத்தொண்ணுல அவங்க செட்டு விமானிங்க எல்லாம் கூடினாங்க. அதுக்கு முன்னால புதுசா ஊசி போட்டுக் குடுத்தா சந்தோஷப்படுவாங்கன்னு நெனச்சேன். வாங்கிப் பாத்தாங்க, திருப்பினாங்க, கட்டை விரலால பின்னாடி தடவினாங்க. ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ண ஆரம்பிச்சு நிறுத்திட்டாங்க. ஏழு சுத்து எங்கடின்னு கேட்டாங்க. அன்னிக்குத் தூக்கி எறிஞ்சவங்க தான். கம்பியை எடுத்துட்ட கோவம், வயசாச்சுன்னா பிடிவாதம்னு நெனச்சேன். இன்னி வரைக்கும் டிவி பாக்கும்போது கூட வெறும் விரலைத் தேய்ச்சு ஏழு வரைக்கும் எண்ணுவாங்க. அதையும் டாக்டர் குறிச்சிருக்காரு.

— என்ன சொன்னீங்க? எத்தனை சுத்து?

— ஏழு.

— டெல்பர்ட், பதினாலாவது பக்கம் என்னடா எழுதியிருக்கேன்? உனக்குத் தான் மனப்பாடமாச்சே.

— பின்பக்கக் கீல் விமானக் கம்பியால் ஆனது. கம்பியில்… கம்பியில் ஏழு சுற்றுகள் இருக்கும். அக்கா, அது எல்லாத்துலயும் அப்படித் தானே?

— எல்லாத்துலயும் அப்படித் தான்னு ராய்ஸ் சொன்னாரு. கம்பியோட நான் கண்ணால பாத்தது இந்தப் பெட்டியில இருக்கற ஒண்ணைத் தான். ஜோனெல், அந்தக் கம்பியைப் போட்டது யாரு? தட்டுப்பாட்டுல கம்பெனிக்காரன் போட்டதா?

— கம்பெனியா? ஒடெல்னு ஒரு மெக்கானிக் போட்டது. சின்னப் புள்ளையிலேர்ந்து கேட்டுக் கேட்டு எனக்குப் புளிச்சுப் போன கதை அது. பீரங்கிப் பயிற்சிக்கு இவங்க விமானத்துக்குப் பின்னால துணியைக் கட்டி இழுத்துட்டுப் போவாங்க, கீழேர்ந்து பசங்க அதைச் சுடுவானுங்க. ஒருநாள் அம்மாவோட தோழியோட விமானம் விழுந்துடுச்சு. நீங்க தான் ராணுவத்துல சேர்த்தி இல்லையேன்னு, உடம்பை ஊருக்கு அனுப்பக் கூட அவங்க காசு குடுக்கல. பொண்ணுங்களே தொப்பியைச் சுத்தி விட்டு வசூல் பண்ணி ரயில்ல ஏத்தினாங்களாம். பெட்டி மேல போத்த ஒரு கொடி கூடக் கெடையாது.

— அது எனக்கும் தெரியும். மேல சொல்லுங்க.

— அம்மா நேரா அதிகாரி அறைக்குப் போய், அப்ப இது எதுக்குன்னு பேட்ஜைப் பிச்சு அவர் மேஜை மேல அடிச்சாங்களாம். ஊசி ரெண்டாப் போச்சு. அந்த ஒடெல் தான் அதைப் பொறுக்கி எடுத்து, எஞ்சின் போல்ட்டுக்குக் கட்டற கம்பியால சுத்திக் குடுத்திருக்கான். ஏழு சுத்து. ஒவீடா, இனிமே நீ பிச்சாலும் வராதுன்னானாம்.

— அக்கா, இதைக் கேளுங்க, அந்தக் காலத்துல மெக்கானிக்குங்க பத்துப் பேருக்காவது அப்படிக் கட்டிக் குடுத்திருப்பாங்க. இதெல்லாம் ஒரு சாட்சியா?

— ஊசி மாத்தக் குடுத்தீங்களே ஜோனெல், எங்க குடுத்தீங்க?

— இங்க தான், இந்த அபிலீன்ல. செருப்புக் கடைக்குப் பக்கத்துல ஒரு சின்னப் பட்டறை இருந்துச்சு, இப்ப இல்ல. ஒரு வாரம்னு சொல்லி மூணு வாரம் இழுத்தடிச்சாரு. நல்ல மனுஷன். காசே வாங்கல. சண்டையில நாட்டுக்கு உழைச்ச பொம்பளைகிட்டக் காசு வாங்கலாமான்னாரு. நான் போன ரெண்டு தடவையும் குறட்டால பீக்கன் கொட்டை உடைச்சு…

— உடைச்சு?

— உடைச்சுப் பாதியை என் கையில வெச்சாரு. ஏன் மேடம்? ஏன் ரெண்டு பேரும் அந்தக் குறட்டையே பாக்கறீங்க?

— தாயி, இந்த ஊர்ல குறட்டால கொட்டை உடைக்காதவன் யாரு? நான் உடைக்கலையா?

— டெல்பர்ட். போதும்.

— அக்கா, அவசரப்படாதீங்க. அண்ணன் போய்ச் சேந்து ஒம்போது வருஷமாச்சு.

— மூணு வாரம்டா. அச்சு எடுக்க, ஊத்த, இறகு இறகாத் தேய்க்க. ராத்திரி ராத்திரி பட்டறையில வேலைன்னு சொன்னாரு. நான் காப்பி போட்டுக் கொண்டு போய்க் குடுத்தேன். கல்யாண நாளைக்குக் கைக்குட்டையில மடிச்சுக் குடுத்தாரு. பதினஞ்சு வருஷமா ஊர் ஊராப் போய் அந்த ஆளைத் தேடினேன். அதுல ஆறு வருஷம் அவன் பக்கத்துலயே படுத்திருந்திருக்கேன்.

— மேடம், நீங்க யாரைச் சொல்றீங்க? அந்தப் பட்டறைக்காரர்…

— என் வீட்டுக்காரர்மா. ராய்ஸ் ஹாச்சர். உங்க பேட்ஜுக்கு ஊசி மாத்தல அவர். பேட்ஜையே மாத்திட்டாரு.

— அப்ப அம்மா சொன்னது…

— உங்கம்மா இருபத்திரண்டு வருஷமா உண்மையைத் தான் சொல்லிட்டு வர்றாங்க.

— ஐயோ. டாக்டர்கிட்ட நான் தானே சொன்னேன். அம்மாவை அந்த நாற்காலியில உக்கார வெச்சு, அவங்க காது கேக்கத் தானே சொன்னேன். எங்கம்மாவுக்குத் தன்னோட பொருளே தெரியலைன்னு.

— அழாதீங்க.

— அழல. அழக்கூடத் தெம்பில்ல, மேடம்.

— அக்கா, நான் சொல்றதைக் கேளுங்க. இந்தம்மாவைத் தப்பாப் பேசல. நீங்க பெட்டியைத் திறந்தீங்கன்னா பதினாலாவது பக்கம் போச்சு. அது போனா புத்தகம் போச்சு. நீங்க எழுதின சீட்டு அத்தனையும் திரும்பி வரும். ராய்ஸ் அண்ணன் பேரு, உங்க பேரு, எல்லாம் நாறும்.

— நாறட்டும். கம்பி இல்லேன்னு அஞ்சாவது வகுப்புக்காரங்க நாலு பேரைத் திருப்பி அனுப்பினேன்டா. அவங்க பேட்ஜ் முன்பக்கம் அவ்வளவு சுத்தமா இருந்துச்சு. அப்பவே மனசுல உறுத்திச்சு, இருந்தும் கம்பி எங்கன்னு கேட்டேன். அதுல ஒருத்தி மக, அதோ அந்தக் குப்பைத் தொட்டியில போட்டுட்டுப் போயிட்டா. நான் நிமிர்ந்து கூடப் பாக்கல. அடுத்தவங்க வாங்கன்னேன்.

— அக்கா…

— எனக்கு அலுத்துப் போச்சுடா. பர்ஸ்ல சின்னச் சாவி இருக்கு, எடு.

— எடுக்கறேன். அக்கா, அங்க பாருங்க. வாசல்ல ஒரு அம்மா கைத்தடியை ஊனிக்கிட்டு நேரா இங்க தான் வருது.

— அம்மா! கார்லயே இருன்னு சொன்னேனே!

— ஒரு மணி நேரமா அந்த டப்பாவுக்குள்ள வெந்துக்கிட்டிருக்கேன். என்னடி, எழுதிக் குடுத்தாளா இல்லையா?

— அம்மா, நீ முதல்ல உக்காரு. நான் உன்கிட்ட…

— உக்கார வரல. நான் இல்லத்துக்குப் போகணுமா, வேண்டாமா? ஒரு வார்த்தையில சொல்லச் சொல்லு.

— போக வேண்டாம்மா. அது போலி. நீங்க சொன்னது தான் சரி. உங்களுது என்கிட்ட இருக்கு, இந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள. எடுத்தது என் வீட்டுக்காரர். டெல்பர்ட், நீயே திறடா.

— திறந்தாச்சுக்கா.

— எடுத்துக்கோங்கம்மா. ஏன் அப்படியே பாத்துக்கிட்டு நிக்கறீங்க? எடுத்துக்கோங்க.

— பதினாலு வருஷம் முந்தி இதே மேஜைக்கு வந்தேன். அதைத் திருப்பிக் காட்டும்மா, ஏழு சுத்து இருக்கும்னு கெஞ்சினேன். தொடாதேன்னு சொல்லிக் காவல்காரனைக் கூப்பிட்டே. இப்பத் தொடலாமா?